வழியனுப்புற செட்டிங்

எங்க அண்ணனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. ஊருக்கே அவன் 'பாப்போம்'தான். கார் எப்ப ரெடியாகும்னு கேட்டா "பாப்போம்". சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேட்டா "பாப்போம்". கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பவும் அதே வார்த்தை வாயில வந்து, எங்க அம்மா யாருக்கும் தெரியாம அவன் தொடையில கிள்ளினாங்க. அந்தக் கிள்ளு இல்லேன்னா இன்னிக்கு எனக்கு அண்ணியே கிடையாது.

அவனுக்கு 'இல்ல'ன்னு சொல்ல வராது. ஒரே நாளைக்கு மூணு பேருக்கு வண்டி தரேன்னு தலையாட்டிடுவான். மூணு பேரும் வந்து நிக்கும்போது எங்க கார் ரிப்பேர் ஷெட்டுக்குப் பின்னாடி டயர் அடுக்குக்கு நடுவுல போய் உக்காந்துக்குவான். முன்னாடி இருக்கறது நான்தானே, "வண்டி ஓட்டிப் பாக்கப் போயிருக்கார் சார், இதோ வந்துடுவார்"னு கூசாம அளப்பேன். வந்தவங்களும் என்னை நம்பி டீ குடிச்சுட்டுப் போவாங்க. யார்கிட்டயும் குரல் உசத்த மாட்டான், யார் மனசும் நோகப் பேச மாட்டான். தங்கமான மனுஷன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானே எத்தனையோ பேர்கிட்ட வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன். இப்ப யாராவது சொன்னா, கொஞ்சம் உரசிப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னு சொல்றேன்.

என்னைப் பத்தியும் சொல்லிடறேன், இல்லேன்னா இந்தக் கதை புரியாது. என் வலது கால் முட்டி மடங்காது. சின்ன வயசுல ஆபரேஷன் பண்ணி, நேரா நீட்டின வாக்குலயே நின்னு போச்சு. நடக்கலாம், தெருமுனை வரைக்கும். பஸ்ல ஏற முடியாது, ஆட்டோவுல கால் வெளியில நீட்டிக்கிட்டுப் போகணும், எதிர்ல வர்ற வண்டிக்காரன் வேற திட்டுவான். அதுக்காகத்தான் எங்க அப்பா அந்தப் பழைய காரை வாங்கினார். பின் சீட்டு ஒரு கட்டில் மாதிரி அகலம். ஒரு பக்கக் கதவுல முதுகைச் சாச்சு, காலை சீட்டு மேலயே நீட்டிக்கிட்டா, மகாராணி கணக்கா ஊரைப் பாத்துக்கிட்டே போகலாம். அப்பா போனதுக்கப்புறம் காரோட பேப்பரெல்லாம் அண்ணன் பேருக்கு மாறுச்சு. நான் ஓட்டப் போறதில்ல, என் பேர் எதுக்குன்னு நானும் பேசாம இருந்துட்டேன்.

தினமும் காலையில அந்தக் கார்லதான் அண்ணன் என்னை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போவான். அங்க சுவரோரமா எனக்குன்னு ஒரு பெஞ்ச். காலை நீட்டி உக்காந்து, மடியில ஒரு பழைய சாக்கு, முன்னாடி ஒரு தட்டுல பெட்ரோல். இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காத்தையும் கலந்து அனுப்பற கார்புரேட்டரைக் கழட்டற வேலை வந்தா அதோட குட்டிச் சாமானெல்லாம் என் கைக்கு வந்துடும். ஜெட்டுன்னு ஒண்ணு இருக்கு, கடுகு மாதிரி பித்தளை, நடுவுல முடி நுழையற ஓட்டை. பெட்ரோல் அது வழியாத்தான் போகணும். சில மகானுங்க அது அடைச்சுக்கிச்சுன்னு ஊசியை விட்டுக் குத்துவாங்க, ஓட்டை பெருசாகி வண்டி குடிகாரனாட்டம் பெட்ரோல் குடிக்கும். நான் ஊற வெச்சு, காத்து அடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, சுத்தமா ஒரு பொட்டு வானம் தெரிஞ்சாத்தான் கீழ வெப்பேன். அந்த பெஞ்ச்ல இருக்கறப்ப நான் யாருக்கும் பாவம் கிடையாது. எதிர் கடை வெல்டர்கூட என்கிட்ட வம்புக்கு வருவான், நானும் குடுத்துத்தான் அனுப்புவேன். சாயங்காலம் கை முழுக்க பெட்ரோல் வாசனையோட வீட்டுக்கு வந்து, அம்மா திட்டத் திட்ட சாப்பிட உக்காருவேன். எனக்குன்னு இருந்த வாழ்க்கை அவ்வளவுதான், போதும்னுதான் இருந்தேன்.

அந்தக் காருக்குத்தான் சீக்கு வந்துச்சு. சிக்னல்ல நின்னா இன்ஜின் ஏறும், இறங்கும், அப்படியே அணைஞ்சுடும். பின்னாடி வண்டியெல்லாம் ஹாரன் அடிக்க, அண்ணன் மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ண, நான் பின்னாடி காலை நீட்டிக்கிட்டு எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். என்ன வியாதின்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கார்புரேட்டரோட அடிப்பாகத்துல காத்து வர்ற வழியைத் திறந்து மூடற கம்பி ஒண்ணு உண்டு, ஸ்பிண்டில். வருஷக்கணக்கா திரும்பித் திரும்பி, அது உக்கார்ற ஓட்டை தேஞ்சு அகலமாயிடுச்சு. அந்த இடுக்கு வழியா திருட்டுக் காத்து உள்ள போகுது. லேத்துப் பட்டறையில குடுத்து, அந்த ஓட்டையைச் சரி பண்ணி, புஷ்னு ஒரு புது பித்தளை வளையம் போட்டாத்தான் தீரும்.

நான் சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போயிருந்தேன். அவனும் "பாப்போம் பாப்போம்"னு நாளை ஓட்டினான். திடீர்னு ஒரு நாள் காலையில அவனே சொன்னான்: "இன்னிக்கு நம்ம காரைக் கழட்டிடலாம். மொத்தமா செஞ்சிடுவோம்."

எனக்குத் தலைகால் புரியல. ஊரான் வீட்டுக் காருக்கெல்லாம் செஞ்ச கை, நம்ம காருக்குச் செய்யப் போகுது. மேல்பாகம், மிதவை, ஜெட்டு, ஊசி வால்வு எல்லாத்தையும் என் மடிக்கு வாங்கினேன். கறுப்புப் பிசினா அப்பிக்கிடந்த அழுக்கை பிரஷ்ஷால தேச்சு, நகத்தால சுரண்டி, அலுமினியம் வெள்ளையா முழிக்கற வரைக்கும் விடல. ரெண்டு பாகத்துக்கும் நடுவுல வைக்கற பழைய கேஸ்கெட் அட்டையை எடுத்துட்டு, புது அட்டையை அச்சு வெச்சு நானே வெட்டினேன். அன்னிக்கு மதியம் சாப்பாட்டைக்கூட மறந்துட்டேன். "போதும்டி, கல்யாணப் பொண்ணை சிங்காரிக்கற மாதிரி பண்றே"ன்னு அண்ணன் சிரிச்சான்.

அடிப்பாகத்தை அவனே பேப்பர்ல சுத்தி லேத்துக்குக் கொண்டு போனான். சாயங்காலம் திரும்பி வந்து நேரா இன்ஜின்ல உக்கார வெச்சு முடுக்கிட்டான். "குடு, ஒரு தடவை ஆட்டிப் பாக்கறேன்"னு நான் கேக்கறதுக்குள்ள, "மாட்டியாச்சு, மேல்பாகத்தைக் குடு"ன்னு கையை நீட்டினான். குடுத்தேன்.

சாவியைத் திருப்பினதும் இன்ஜின் அணையாம ஓடுச்சு. அதைக் கேட்டு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஆனா காது சும்மா இருக்குமா? கார் நிக்கறப்பவே இன்ஜின் கொஞ்சம் வேகமா ஓடுது. கொஞ்சம் பெட்ரோல் நாத்தம் தூக்கலா இருக்கு.

இதை விளக்கணும். காரை விக்கப் போற ஆளுங்க சில பேர் வருவாங்க. லேத்துக்கெல்லாம் வேண்டாம், வாங்கறவன் ஓட்டிப் பாக்கும்போது அணையாம இருந்தா போதும்பாங்க. அவங்களுக்கு ஒரு ஸ்க்ரூவைத் திருகி பெட்ரோலைக் கூட்டி, இன்னொண்ணைத் திருகி வேகத்தை ஏத்தி விட்டா, திருட்டுக் காத்து நுழையறது வெளியில தெரியாது. சில வாரம் தாங்கும். அண்ணனும் நானும் அதுக்கு 'வழியனுப்புற செட்டிங்'னு பேர் வெச்சிருந்தோம். யாரோ ஒரு ஏமாளி தலையில கட்டப் போறாங்கன்னு சொல்லி, ரெண்டு பேரும் சிரிப்போம்.

"என்னண்ணா, வேகம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே?"ன்னு கேட்டேன்.

"புது புஷ்ஷு, இறுக்கமா இருக்கும். ஓட ஓட சரியாயிடும்"னான், துணியில கையைத் துடைச்சுக்கிட்டே. சரின்னு தோணுச்சு. வேற யார் சொல்லியிருந்தாலும், போய்யான்னு சொல்லி மூடியைத் திறந்து பாத்திருப்பேன். எங்க அண்ணன் சொன்னான். அந்த செட்டிங்கை எனக்கே வைப்பான்னு நான் எந்த புத்தியால நினைக்கறது?

ரெண்டு நாள் கழிச்சு ஒரு பல் டாக்டர் ஷெட்டுக்கு வந்தார். வாயைத் திறங்கன்னு சொல்லாத குறையா காரைச் சுத்திச் சுத்திக் குனிஞ்சு பாத்தார். "இவருகிட்டயும் பழைய கார் ஒண்ணு இருக்கு, நாம செஞ்ச வேலையைப் பாக்க வந்திருக்கார்"னு அண்ணன் சொன்னான். அப்புறம் அவர்கிட்ட, "என் தங்கச்சிதான் கார்புரேட்டரை சுத்தம் பண்ணினது. அவகிட்டயே கேளுங்க, அவ பொய் சொல்ல மாட்டா"ன்னுட்டு அந்தப் பக்கம் போயிட்டான்.

கேட்டார். நானும் அவுத்து விட்டேன். ஜெட்டு எப்படி, கேஸ்கெட் எப்படி, மிதவை எப்படின்னு கடகடன்னு ஒப்பிச்சேன். "ஸ்பிண்டில் பக்கம் காத்து இழுக்குமே, அதைப் பாத்தீங்களா?"ன்னு விவரமாவே கேட்டார்.

"புஷ்ஷே புதுசு சார். பல வருஷத்துக்குக் கவலை இல்ல."

"நீங்களே பாத்தீங்களா?"

"எங்க அண்ணன் செஞ்சதை நான் போய் சரிபாக்கணுமா சார்?"ன்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சார்.

மறுநாள் காலையில சாப்பாட்டு டப்பாவோட வாசல்ல நிக்கறேன். ஒரு சின்ன சிவப்புக் கார் வந்து நிக்குது, தீப்பெட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி. உள்ளேருந்து இறங்கறது எங்க அண்ணன். யார் வண்டின்னு கேட்டேன். அவன் சாவியைக் கையில சுத்திக்கிட்டே தெருவைப் பாக்கறான். அண்ணிதான் படியிறங்கி வந்தாங்க. பொதுவா இந்த மாதிரி விஷயத்துல அண்ணிகளைத்தான் எல்லாரும் வில்லியாக்குவாங்க. எங்க அண்ணி அப்படி இல்ல.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"ன்னு அவனைக் கேட்டாங்க. அவன் குனிஞ்சு டயரைப் பாத்தான், அண்ணியே சொன்னாங்க. "அந்தக் காரை டாக்டருக்குக் குடுத்துட்டு இதை மாத்திக்கிட்டு வந்திருக்கார். ஒரு மாசமா பேச்சு நடக்குது. அவகிட்ட சொல்லுங்க சொல்லுங்கன்னு நானும் தலையால அடிச்சுக்கிட்டேன்."

ஒரு மாசமா. அப்ப "நம்ம காரைக் கழட்டிடலாம்"னு சொன்ன அந்தக் காலையில அவன் மனசுல டாக்டர் இருந்திருக்கார். நான் நகம் தேயத் தேய சுரண்டினது, எனக்கே தெரியாம, என் காரை வழியனுப்பத்தான்.

"இது பெட்ரோல் கம்மியா குடிக்கும்"னான். "முன் சீட்டைப் பின்னாடி தள்ளினா உனக்கும் இடம் இருக்கும், பாரேன்." பாத்தேன். அம்மா ஒரு பக்கம் தோளைப் பிடிக்க, அண்ணி ஒரு பக்கம் காலைத் தூக்க, சாமான் ஏத்தற மாதிரி என்னை ஏத்தினாங்க. பாதம் டேஷ்போர்டுல இடிச்சுது, கதவு சாத்தல. பின் சீட்டுல குறுக்கால போட்டுப் பாத்தாங்க. பாதி கால் வெளியில. எதிர் வீட்டுக்காரங்க ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாத்தாங்க. "போதும், இறக்குங்க"ன்னு நான்தான் சொன்னேன்.

"நீ முன்கூட்டியே அளந்து பாக்கலையாண்ணா?"

"சொன்னா நீ அழுவே. உன் மூஞ்சியைப் பாத்து எப்படி சொல்றதுன்னு தெரியல"ன்னான். அவன் யார் மனசையும் நோகடிக்க மாட்டான்னு சொன்னேனே, அதோட லட்சணம் இதுதான். நோகறதை அவன் பாக்காம இருந்தா போதும்.

அதுக்கப்புறம் நான் ஷெட்டுக்குப் போகல. எதுல போறது? அவன் சாயங்காலத்துல ஒரு தட்டுல கார்புரேட்டர் சாமானைப் போட்டு வீட்டுக்கே கொண்டு வந்தான். "உனக்கு அலைச்சல் மிச்சம், இங்கேயே உக்காந்து செய்யலாம்"னான். வேலை நடந்து வந்துடுச்சு சரி, நான் எங்க போறதுன்னு கேட்டேன். தட்டை நான் தொடவே இல்ல. அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போனான்.

ஒரு ஞாயித்துக்கிழமை வாசல்ல எங்க காரோட சத்தம். எந்தக் கூட்டத்துலயும் அதை எனக்கு அடையாளம் தெரியும். ஏறுது, இறங்குது, கேட் பக்கம் வந்து அணைஞ்சுடுச்சு. பல் டாக்டர் இறங்கி வந்தார். சண்டைக்கு வந்த முகம் இல்ல, வருத்தப்பட்ட முகம். அண்ணன் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எழுந்தான். டாக்டர் அவனைப் பாக்கல, என்னைப் பாத்துதான் கேட்டார்: "நீங்க சொன்னதை நம்பித்தாம்மா வாங்கினேன். புஷ் புதுசுன்னீங்களே?"

நான் வாயெடுக்கறதுக்குள்ள அண்ணன் முந்திக்கிட்டான். அதே மெதுவான குரல், அதே சிரிப்பு.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். தங்கச்சி மாட்டினது. கால் முடியாத பொண்ணு, ஏதோ ஆசைக்குச் செய்யறா, நானும் விட்டுடறேன். கேஸ்கெட்டைக் கோணலா வெச்சிருப்பா. நான் சரி பண்ணித் தரேன்."

ஆசைக்குச் செய்யறாளாம். பக்கத்துல அம்மா காய் நறுக்கிட்டு இருந்தாங்க, அவங்க கையும் நின்னுடுச்சு. யார்கிட்டயும் குரல் உசத்தாதவன், இத்தனை வருஷமா யாராவது என்னை நொண்டின்னா மட்டும் சட்டையைப் பிடிக்கப் போவான். காரைக் குடுத்ததைக்கூட ஒரு நாள் மன்னிச்சிருப்பேன். அந்த பெஞ்ச்ல நான் ஒரு வேலை தெரிஞ்சவளா இருந்தேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே, அதையும் சேத்து ஒரே வாக்கியத்துல எடுத்துட்டான்.

சுவரைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து டாக்டர்கிட்ட சொன்னேன். "சார், கேஸ்கெட் நேராத்தான் இருக்கு. பானெட்டைத் திறந்து அடிப்பாகத்துல இருக்கற ஸ்பிண்டிலை விரலால ஆட்டிப் பாருங்க. ஆடும். புஷ் போடவே இல்ல. நான் பாக்காம சொன்னேன், அது என் தப்பு. வேற மெக்கானிக் கிட்ட குடுங்க."

டாக்டர் போய்த் திறந்து ஆட்டிப் பாத்தார். ஆடுச்சு. அண்ணனை ஒரு பார்வை பாத்துட்டு, மூணாவது தடவைல ஸ்டார்ட் ஆன காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். பின் சீட்டுல அவர் பொண்ணோ யாரோ, சின்னக் குழந்தை ஒண்ணு காலை நீட்டித் தூங்கிட்டு இருந்துச்சு.

அண்ணன் உள்ள வந்து கதவைச் சாத்தினான். வாழ்க்கையில முதல் தடவையா என்கிட்ட குரல் உசந்துச்சு.

"வெளியாள் முன்னாடி என்னைக் காட்டிக் குடுத்துட்டியே. நீயெல்லாம் கூடப் பொறந்தவளா?"

கேட்டுட்டு அழுதான். நடிப்பு இல்ல, அவனை எனக்குத் தெரியும். நிஜமாவே அவனுக்கு வலிச்சிருக்கு. நான் செஞ்சதுதான் துரோகம்னு அவன் நம்பறான். அம்மா எழுந்து போய் அவன் முதுகைத் தடவிக் குடுத்தாங்க.