தானாக ஓடிய கோடுகள்

மருதோன்றிக் கூம்பில் கறுப்புப் பெயின்டை நிரப்பி சர்க்கிட் போர்ட் வரைந்தவள் இந்தக் கரையோரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் அவர் வேலையை ஒருமுறை பார்க்க ஆசை.

எங்கள் வீடு இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில். கல்முனையில் ரேடியோ திருத்தும் கடையொன்றை என் கணவரும் என் மூத்த சகோதரரான காக்காவும் கூட்டாக நடத்தினார்கள். கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்; இங்கேயும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன். தொண்ணூறுகளில் கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம். அதனால் கரண்ட் போனதும் தானாக எரியும் விளக்குக்கு நல்ல கிராக்கி. அந்த விளக்குக்குள் செம்பு பூசிய தகடு ஒன்று வேண்டும். மின்சாரம் போகவேண்டிய வழியைச் செம்பின் மேல் பெயின்டால் வரைந்து, தகட்டைப் பழுப்பு நிறக் கரைசல் ஒன்றில் போட்டால், பெயின்ட் படாத செம்பெல்லாம் கரைந்துவிடும். வரைந்த வழி மட்டும் மிஞ்சும்.

மச்சான் தூரிகையால் வரைந்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கலியாணப் பெண்ணுக்கு நான் மருதோன்றி போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அவள் போனதும் தகட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அன்று பிடித்த பைத்தியம். இந்தக் கோடு ஏன் இங்கே போகிறது, அந்தக் கோடு ஏன் அதைத் தொடக்கூடாது என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை எடுத்தேன். பாவம், தெரிந்ததைச் சொல்வார், தெரியாததற்குத் தேத்தண்ணி கேட்பார்.

பிறகு அக்கரைப்பற்றில் தண்ணீர் மோட்டர் விற்கும் முதலாளி ஒருவர், தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்தும் கருவி செய்து தரச் சொன்னார். நிறைய வேண்டும், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்க வேண்டும் என்றார். என் கை இன்றைக்குப் போல் நாளைக்கு இராது. ஆகவே, படத்தைக் கம்பியூட்டரில் வரைந்து அச்சகத்தில் கொடுத்துத் தகடுகளில் அடிப்பிக்கலாம் என்று காக்கா கடைக்கென்று ஒன்று வாங்கினார். கட்டாரிலிருந்து லீவில் வந்த அவருடைய நண்பர், போர்ட் வரையும் புரோகிராம் இரண்டை பிளொப்பிகளில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டில் எதைப் பழகுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

கடையில் ஆட்களின் சந்தடி அதிகம். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, கம்பியூட்டரையும் இரவல் வாங்கிய பிரின்டரையும் காக்கா எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். புரோகிராம் இரண்டையும் பார்த்து முடித்ததும் கம்பியூட்டர் கடைக்குப் போய்விடும். கடைத்தெருவில் ஆண்களுக்கு நடுவே போய் நான் உட்காரும் காலம் இல்லை அது. கூம்புக்கு வேலை போனால் எனக்கும் வேலை போய்விடும். அந்தக் கவலை இருந்தது. ஆனாலும் அந்தத் திரைக்குள் என்னதான் இருக்கிறதென்று பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் புரோகிராம் சின்னது. ஒவ்வொரு கோட்டையும் நாமே போட வேண்டும். காக்கா பொத்தான்களை அமுக்க, நான் பக்கத்தில் நின்று வழி சொன்னேன். படத்தைக் கடதாசியில் எடுத்து, சோதனைக்காகக் கார்பன் தாள் வைத்துச் செம்பில் பதித்து, அதன்மேல் கூம்பை ஓட்டினேன். அழகான போர்ட். பாகங்களைப் பொருத்தி மின்சாரம் கொடுத்ததும், நடுவில் இருந்த ஐசி என்ற கறுப்புச் சில்லு தொட முடியாத அளவுக்குச் சுட்டது.

"இந்தப் புரோகிராம் சரிவராது. படமே பிழ" என்றார் காக்கா.

எனக்கு மனம் ஆறவில்லை. கடதாசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முன்பக்கம் பார்த்தேன். திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் தெரிந்ததுதான் நான் கையால் வரைந்திருக்கக்கூடிய படம். நாங்கள் எப்போதும் செம்பு எங்களைப் பார்த்திருக்கத்தான் வரைவோம். புரோகிராமோ, பாகங்கள் நிற்கும் மறுபக்கத்திலிருந்து, தகடு கண்ணாடி என்பதுபோல் ஊடுருவிப் பார்க்கிறது. படத்தைத் திருப்பிப் பதிக்காததால் எல்லாம் இடம் வலமாக மாறிப்போயிருந்தது.

"மூணு பேரும் பாத்தம், ஒருத்தருக்கும் வெளங்கல்லயே!" என்று மச்சான் சிரித்தார். எனக்கும் சிரிப்பு. இத்தனை காலம் வரைந்த என் கோடுகளை அந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டுமென்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே!

அடுத்த வெள்ளி இரண்டாவது புரோகிராம்.

"இதில நீ ஒண்டும் வரையத் தேவல்ல தங்கச்சி. அதுவே வரையும்" என்றார் காக்கா.

எந்தப் பாகத்தை எதோடு இணைப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்து ஒரு பொத்தானை அமுக்கினார். கோடுகள் எறும்புகளாய்ப் புறப்பட்டு, வளைந்து, முட்டி, திரும்பி, வேறு வழி தேடி ஓடின. எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கடைசியில் இரண்டு கோடுகளுக்கு வழி கிடைக்காமல் அது நின்றுவிட்டது.

"ஐசிய கொஞ்சம் அங்கால தள்ளிப் பாப்பமா?" என்றேன். தள்ளி அமுக்கினோம். இம்முறை முழுக்க வேறு வழிகள். ஒரு கோடு மிஞ்சியது. இன்னொரு பாகத்தைத் திருப்பி வைத்து மறுபடியும் அமுக்கினோம். "ஏன் இஞ்சால வருது?" என்று மச்சானைக் கேட்டேன். "அதுக்கிட்டயே கேளு புள்ள" என்றார். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்தபோதுதான் எல்லாக் கோடுகளும் போய்ச் சேர்ந்தன.

"இதுதான் சரி" என்றார் காக்கா. "இனி நீ கஷ்டப்படத் தேவல்ல. கடையில வெச்சு நாங்களே எடுத்துக்குவம்."

பாசமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கஷ்டமா இரிக்கெண்டு நான் எப்பயாவது செல்லியிரிக்கனா காக்கா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"எனக்கும் இந்தப் புரோகிராம்தான் விருப்பம். ஆனா கம்பியூட்டர் இஞ்சதான் இரிக்கணும்."

"கடைச் சாமானக் கொண்டுவந்து வீட்டில வெக்கிறதா?"

எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இந்த வீட்டைக் கட்ட எங்கள் வாப்பாவோடு சேர்ந்து கல் சுமந்தவரே காக்காதான்.

"இவரே இந்த வீட்டுக்குத்தானே வந்தவர்? இதும் வந்தா என்ன?" என்றேன். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் காக்காவின் வாயிலிருந்து உண்மை வந்தது. "கடையில கம்பியூட்டர் இரிந்தா, வாற ஆக்கள் ஒரு மதிப்பாப் பாப்பாங்க தங்கச்சி."

கம்பியூட்டர் வந்த அட்டைப்பெட்டி, பெரிய படத்தோடு மூலையில் கிடந்தது. மச்சான் அதைக் காட்டினார். "ஆக்கள் பாக்கிறதுக்கு அது போதும்."

காக்கா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எழுந்து அந்த வெறும் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். வாசலில் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடைசிக் கோடு எப்பிடிப் போய்ச் சேந்ததெண்டு எனக்கு இன்னும் வெளங்கல்ல. நாளைக்கி வாறன், எனக்கும் காட்டித் தா" என்றார்.