பத்து வெள்ளிப் பாடம்

ரிங்லெட்டில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், தேயிலை எஸ்டேட்டில் மருந்தடிக்கும் பம்புகளைப் பழுதுபார்ப்பவர். நகக்கண்களில் கிரீஸ். பேசும்போதெல்லாம் கைகள் காற்றில் எதையோ கழற்றி மாட்டின.

அந்த வேலையை வீடியோப் பாடமாக எடுத்திருந்தார். கேமராவுக்கும் எடிட்டிங்குக்கும் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாராம்.

“மொதல்ல வெலை ஐம்பது வெள்ளின்னு வச்சேன். அப்புறம் பத்துக்கு எறக்கினேன் லா. ஒருத்தன்தான் வாங்குனான். அவனும் வாட்ஸ்அப் குரூப்புல எல்லாருக்கும் சும்மா அனுப்பிட்டான்.”

“இனிமே எடுக்க மாட்டீங்களா?”

“எதை வச்சு எடுக்கிறது? காசு போனாப் போவுது தம்பி. பாத்தவங்களுக்குப் புரிஞ்சிச்சான்னுகூட ஒருத்தரும் சொல்லல.”

எனக்குப் புரிந்திருந்தது. அந்தக் குரூப்பில் பார்த்துத்தான் என் முட்டைக்கோஸ் தோட்டத்துப் பம்பை நானே சரிசெய்தேன். காசு கொடுக்காமல் கற்றதை எந்த முகத்தோடு அவரிடம் சொல்வது? தானா ராத்தாவில் அவர் இறங்கிப் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.