ஆராய்ச்சிக்கு வந்த பெண்

அறுபதுகளில் புனேயில் போபோடி என்ற பகுதியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஃபாக்டரி வேலை முடிந்ததும் ஒரு பாபாவின் மடத்துக்குப் போய், பக்தர்களோடு கஞ்சா பிடிப்பார். அந்தப் பழக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாக தமிழ் பேசும் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். பெயர் எழுதிக்கொண்டால் அவர் வேலை போய்விடுமே என்று பயந்தேன்.

"புருஷன் பேரைச் சொல்ற வழக்கமில்லம்மா" என்று முந்திக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். "பேரே வேண்டாம்க்கா. கஞ்சா பிடிச்சிட்டு வந்தா அடிப்பாரா?"

"சேச்சே! தங்கமானவர். சாமி பிரசாதம்னுதான் தொடுவார்."

"அவர் வர்ற வரைக்கும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவரைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்லப் பொய் வைத்திருந்தேன். என்னைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்ல வாய் வராமல் அழுதுவிட்டேன்.

அவள் பேனாவை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவருக்கு என்ன ஆகுமோ என்றே பயந்துகொண்டிருந்த நான், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று அன்றுதான் பார்த்தேன்.