வலது கால் கியர்

ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ஒருவரிடமிருந்து அந்தப் பழைய புல்லட்டை வாங்கினேன். அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு அது வந்து சேர்ந்ததும், என் மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் அடிவயிற்றை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, இந்தப் பக்கத்துலேந்து அந்தப் பக்கம் ஒரு கம்பி ஓடுது? வண்டியோட பொறந்தது இல்ல இது. வெல்டிங்க பாரு, அடை மாதிரி அப்பிகினு கீது."

அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகங்களைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. கோணல் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

பாடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "அக்கா சொல்றது கரெக்டு. இது வலது கால் கியர் வண்டி, அண்ணாத்தே. இடது காலு பிரேக்கு. இப்போ வர்ற வண்டிக்கெல்லாம் நேர் உல்ட்டா. எவனோ பயந்துகினு கம்பி போட்டு மாத்திகீறான்."

"கழற்றிடுங்க. பிறந்தபடியே ஓடட்டும்."

"யோசிச்சிக்கோ. வண்டி பழசுக்குத் திரும்பிடும். உன் காலு திரும்புமா?"

திரும்பும் என்றேன். எனக்கு அப்போது சொல்லத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

அதன்பின் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பெட்ரோல் வாசனையில் விடிந்தன. டேங்குக்குள் துருவை உதிர்க்கப் பழைய நட்டுகளைப் போட்டு, ஆளுக்கொரு முனை பிடித்துக் குலுக்கினோம். கலகல, கலகல. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ பூஜை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். பெயிண்டைச் சுரண்டினால் கறுப்புக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே மறுபடி கறுப்பு, பழைய கறுப்பு, ஈரக் காக்கையின் முதுகு போல. கார்புரேட்டரின் பொடித் துளைகளை அவள் ஊதினாள், நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஊசிமுனை அளவு வானம் தெரிந்தது. மின்னோட்டம் காட்டும் ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, மூச்சுப் பிடித்து ஓர் உதை. டப். பிறகு டப், டப், டப். அப்படியொரு நிதானம்! எனக்கு வாழ்நாளில் வாய்க்காத நிதானம்.

ஏரிக்கரைச் சாலையில் எடுத்துக்கொண்டு போனேன். வெயில், காற்று, ஏரியின் பளபளப்பு. ராஜா போல இருந்தது, எதிரே ஒரு மாடு வரும் வரைக்கும். என் வலது கால், இத்தனை வருஷம் பழகிய விசுவாசத்தோடு, பிரேக் என்று நினைத்து அழுத்தியது. அடுத்த கியர் விழுந்தது. வண்டி துள்ளியது. மாடு அசையவே இல்லை. நான்தான் விலகிக் காட்டாமணக்குப் புதரில் போய்ச் செருகிக்கொண்டேன்.

டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "மாமே, மாட்டுக்கு வழி தெரியுது, உனுக்குத் தெர்ல!"

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்ததும். தலை ஒன்று சொல்லும், கால் வேறொன்று செய்யும். மெக்கானிக், கழற்றிய கம்பியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "மாட்டிடலாமா?" மாட்டினால், இத்தனை பாடுபட்டு மீட்டதை நாங்களே மறுபடி கெடுத்ததாகும். மாட்டாவிட்டால், ஓட்ட ஆளில்லாமல் வண்டி வாசலில் நிற்கும். நான் சைலன்சரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"எனுக்குச் சொல்லிக் குடு" என்றாள் அவள்.

"நீ கியர் வண்டியே ஓட்டினதில்லையே! ஸ்கூட்டிதானே?"

"அதான்யா சொல்றேன். உன் காலுக்கு எல்லாம் தெரியும், அதனால கேக்க மாட்டேங்குது. என் காலுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னா கேட்டுக்கும்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன்.

வீடு கட்டாத மனைகளுக்கு நடுவே ஒரு மண் பாதையில் பாடம் நடந்தது. நான் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, "வலது காலை அழுத்து, பிரேக்!" என்று கத்தினேன்.

"நீ வாய மூடு. உன் வாயும் தப்பாவே மிதிக்குது!"

மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. இருந்தாலும் ஆள் கறார். "அக்கா, சும்மா சுத்துறது பெரிசு இல்ல. திடீர்னு நிக்கணும். நின்னா வலது கியர். நிக்கலேன்னா கம்பி. ஒத்துக்கிறியா?"

"வா, பாத்துக்கலாம்."

அவள் தூரத்திலிருந்து கிளம்பி வந்தாள். மூன்றாவது கியர், நல்ல வேகம். மெக்கானிக் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பழைய டயரைக் குறுக்கே உருட்டிவிட்டார். அவள் இடது கால் இறங்கியது, வலது கை முன் பிரேக் லீவரை இழுத்தது. புழுதி கிளம்பி, புழுதி அடங்கி, வண்டி நின்றது. டயர் தன் பாட்டுக்கு அவளைக் கடந்து உருண்டு போய்ப் படுத்துக்கொண்டது.

"கம்பிய எடைக்குப் போட்டுடறேன்" என்றார் மெக்கானிக்.

போன வாரம் குத்தம்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனோம். பின் சீட்டில் நான். திருமழிசை தாண்டும்போது ஒரு லோடு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னா அண்ணாத்தே, பின்னாடி சொகமா குந்திகினு கீறே?" என்றார்.

அவள் திரும்பாமலே, "நானும் லோடுதான் ஏத்திகினு போறேன் நைனா, வழி வுடு!" என்றாள்.

சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. என் வலது கால் ஃபுட்ரெஸ்டை ஓங்கி மிதித்தது. வண்டி அழகாக நின்றது, அவள் இடது காலில்.