லவீனாவின் பதினோரு நாய்கள்

லவீனா என் பெரியம்மா மகள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். வடகோடிப் பனி நாட்டில், யூகான் ஆற்றங்கரையில் எழுபது வீடுகள்கூட இல்லாத ஊர் எங்களுடையது. அதில் அவள் வீடுதான் ஆற்றை ஒட்டிய முதல் வீடு. ஆற்றின் கீழ்ப்பக்கமிருந்து வருகிற யாருக்கும் முதலில் அவள் வீடு தெரியும், அப்புறம்தான் ஊர்.

இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்தாள். வாலஸ் ஒரு நவம்பர் மாதம் பனி மோட்டாரில் அக்கரைக்கு விறகு எடுக்கப் போனான். ஆறு அப்போதுதான் உறைந்திருந்தது. மேலே புதுப்பனி விழுந்து மூடியிருந்ததால் எந்த இடத்தில் கட்டி மெலிந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மோட்டாரும் அவனும் சேர்ந்தே உள்ளே போனார்கள். பனி உருகினபோது மோட்டார் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

"அந்த மெஷினுக்கு மூக்கு இல்லடி ஐடா," என்பாள் என்னிடம். "ஒரு நாய் முன்னால ஓடியிருந்தா நின்னிருக்கும். அவன் என்ன கத்து கத்தினாலும் ஒரு அடி வச்சிருக்காது."

அந்தக் குளிர்காலத்திலேயே மேல் ஊரிலிருந்து இரண்டு குட்டிகளை ரோமக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். பிள்ளை இல்லாத வீடு. அதற்கப்புறம் முப்பது வருஷம் அந்த வாசலில் நாய்ச் சத்தம் ஓய்ந்ததில்லை. சமையலறை அலமாரியில் கண்ணில் பட்டதையெல்லாம் பேராக வைப்பாள். உப்பு, பட்டர், சார்டின், தேயிலை. கடைசியாக இருந்த கூட்டத்தில் முன்னால் ஓடியவன் பைலட். விமானம் ஓட்டுகிறவர் இல்லை. எங்கள் வீடுகளில் எப்போதும் ஒரு டப்பா இருக்குமே, கெட்டி பிஸ்கட், அதன் பேர்தான் அது.

முப்பத்து நாலு வயதில் ஒரே ஒரு தடவை, நாய்கள் சறுக்குவண்டி இழுத்து ஓடும் ஆயிரம் மைல் பந்தயத்தில் ஓடினாள். பத்தொன்பது நாள் ஆனது. அவளுக்குப் பின்னால் இரண்டே பேர். கடற்கரைக் காற்றில் இடது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. பந்தயக்காரர்கள் நின்று போக எங்கள் ஊர் ஹாலில் ஒரு சாவடி உண்டு; அதைப் பார்த்துக்கொள்ளும் பெர்ஸி இன்றுவரை கேலியை விடமாட்டார்.

"லவீனா போய்ச் சேர்றதுக்குள்ள ஜெயிச்சவன் பேரன் பேத்தி எடுத்துட்டான்பா."

"நான் போயாவது சேர்ந்தேன். நீ இந்த ஹால் அடுப்பை விட்டு எந்திரிச்சதுண்டா?" என்பாள் அவள்.

நாய் வளர்க்கிறவளுக்குக் கோடைதான் பெரிய வேலை. ஆற்று ஓட்டத்தில் தானே சுற்றி மீனை அள்ளிப் போடும் சக்கரம் ஒன்று அவளுக்கு இருந்தது. ஜூலையில் அதை இறக்கினால் இலையுதிர்காலம் வரை கத்தி கீழே வைக்கமாட்டாள். நாய் சால்மன் என்றே நாங்கள் சொல்கிற மீன், நாய்களுக்கென்றே வருகிற மாதிரி வரும். பிளந்து, கீறி, கம்பத்தில் தொங்கவிட்டுக் காயவைப்பாள். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு மீன். அந்தக் கணக்கு ஒரு வருஷமும் தப்பினதில்லை.

அப்புறம் மீன் வருவது நின்றது. முதல் வருஷம் குறைந்தது. அடுத்த வருஷம் சுத்தமாக இல்லை. யாரும் வலை போடக்கூடாது, சக்கரம் இறக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு இல்லாவிட்டாலும் பிடிக்க என்ன இருந்தது? அந்த வருஷம் எப்படியோ ஓட்டினாள். நாங்கள் கடமான் எலும்பு கொடுத்தோம், பீவர் கறி கொடுத்தோம். அரிசியைக் கஞ்சியாக்கி அதில் கலந்து ஊற்றினாள். அதற்கு அடுத்த கோடையும் ஆறு வெறுமனே ஓடிற்று. செப்டம்பரில் ஒருநாள் நான் போனபோது உப்புவின் விலாவை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"எண்ண முடியுது ஐடா. ஒவ்வொண்ணா எண்ண முடியுது."

அன்றைக்கே ஜோயலுக்குப் போன் செய்தாள். எங்கள் ஊருக்குச் சாலையே கிடையாது; ஜோயல் நெடுஞ்சாலைப் பக்கத்து ஆள், பந்தயக்காரன். தீவனம் லாரியில் வந்து அவன் வாசலிலேயே இறங்கும். முன்பு ஒரு தடவை பந்தயத்தில் எங்கள் ஊரில் தங்கியபோது பைலட்டைப் பார்த்துவிட்டு, விற்பீர்களா என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டவன்.

"விக்கல," என்றாள் போனில். "தர்றேன். பதினொண்ணையும் எடுத்துக்கணும். பிரிக்கக்கூடாது. பைலட்டை மட்டும் கேட்டா போனை வச்சுடுவேன்."

அக்டோபரில் சின்ன விமானம் வந்தது. ஒவ்வொரு நாயையும் அவளே தூக்கி ஏற்றினாள். விமானம் கிளம்பியதும் வீட்டுக்கு நடந்தாள். நாய் வீடுகளை அப்புறப்படுத்த வரட்டுமா என்று பெர்ஸி கேட்டதற்கு, இருக்கட்டும், அவை யாருக்கு என்ன இடைஞ்சல் என்றுவிட்டாள். பனி விழுந்து அவற்றை மூடியது.

பிப்ரவரியில் ஜோயல் கூப்பிட்டான். அவளுடைய நாய்களைப் பூட்டியே பந்தயத்தில் ஓடப்போவதாகச் சொன்னான். வழி எங்கள் ஊர் மேல்தான். அவள் நேரே ஹாலுக்கு வந்து பெர்ஸியிடம் கேட்டாள்.

"நான் அதுங்களைத் தொட்டா என்ன ஆகும்?"

பெர்ஸி அன்று கேலி பேசவில்லை. "வெளியாள் கை பட்டா அது உதவி, லவீனா. ஓட்டுறவனைப் பந்தயத்தை விட்டே தூக்கிடுவாங்க. தொடுறது மட்டுமில்ல. கூப்பிடுறது, அதட்டுறது, எல்லாமே."

"அப்ப நான் இல்லாத மாதிரியே இருந்துடறேன்."

வேறு ஊருக்குப் போய்விடு என்றேன். கேட்கவில்லை. என் வீட்டுக்காவது வா என்றேன், அதற்கும் மாட்டேன் என்றாள். "ஜன்னல் வழியா ஒரு தடவை பாத்துக்கறேன். அவ்வளவுதான்."

ஜோயலின் கூட்டம் வந்தது மார்ச்சில் ஒருநாள், காலை பதினொரு மணிக்கு. மைனஸ் முப்பது. நானும் பெர்ஸியும் கரை மேட்டில் நின்றிருந்தோம். லவீனா வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. விடியும்போதே அடுப்பை அணைத்திருக்கிறாள், புகை வாசனை அதுகளுக்குப் போகக்கூடாது என்று. அந்தக் குளிரில் அணைத்த வீட்டுக்குள் ஐந்து மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்.

அதனால் ஒரு பயனும் இல்லை. ஆற்றின் வளைவில் பைலட் தலையைத் தூக்கினான். இருநூறு மைல் ஓடிக் களைத்த கூட்டம் அப்போதுதான் கொட்டகையிலிருந்து அவிழ்த்துவிட்ட மாதிரி பாய்ந்தது. "ஜீ! பைலட், ஜீ!" என்று வலதுபக்கம் திருப்ப ஜோயல் கத்தினான். பைலட் இடதுபக்கம் கரையேறினான். சறுக்குவண்டி கவிழ்ந்தது. ஜோயல் பிடியை விடாமல் வயிற்றால் இழுபட்டுக்கொண்டே லவீனாவின் முற்றத்துக்கு வந்து சேர்ந்தான்.

அங்கே நடந்ததை நான் மறக்கமாட்டேன். பதினோரு நாயும் ஒரே கயிற்றில் பூட்டியிருக்க, ஒவ்வொன்றும் தன் தன் பழைய வீட்டுக்குப் போகப் பார்த்தது. இது இப்படி இழுக்கிறது, அது அப்படி இழுக்கிறது. கயிறும் வாரும் சிக்கி ஒரே முடிச்சு. பட்டர் பனியைத் தோண்டித் தன் கூரையைக் கண்டுபிடித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். தேயிலை படுத்தே விட்டான். மீன் வரும் என்று எல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. பைலட் வாசல்படியில் நின்று கதவைப் பிறாண்டினான்.

நாங்கள் நாலு எட்டு தூரத்தில் நிற்கிறோம். ஒரு கயிற்றைக்கூடத் தொட முடியாது.

ஜோயல் சிக்கெடுத்தான். வரிசைப்படுத்தினான். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடியும் கலைந்தன. கெஞ்சினான், அதட்டினான், கொழுப்புத் துண்டு காட்டினான். ஒரு மணி நேரம் போனது. அவனுக்குப் பின்னால் வந்த இரண்டு கூட்டம் கடந்து போய்விட்டது. கடைசியில் கதவைப் பார்த்து நின்று, "லவீனா, உள்ள இருக்கீங்கன்னு தெரியும்," என்றான். "நான் என்னதான் செய்யட்டும், சொல்லுங்க."

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பெர்ஸி மெதுவாக, "தம்பி, வாயால சொன்னாலும் உதவிதான். அவங்க வாயைத் திறக்கமாட்டாங்க, உனக்காகத்தான்," என்றார்.

அப்புறம் அவள் என்னிடம் சொன்னாள், கதவுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்து பலகையில் முதுகைச் சாய்த்திருந்தாளாம். பைலட் பிறாண்டுவது முதுகெலும்பில் கேட்டதாம். கோட்டுக் கையை வாயில் திணித்துக்கொண்டாளாம்.

இரண்டாவது மணி நேரத்தில் ஜோயல் பைலட்டைக் கழற்றினான். பட்டரைக் கூரையிலிருந்து தூக்கி வந்து முன்னால் பூட்டினான். பைலட்டைச் சறுக்குவண்டியின் பைக்குள் வைத்து, தலை மட்டும் தெரிய மூடினான். பட்டரின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஹால் வரை நடந்தான். அங்கே பந்தயத்துக்காக வந்திருந்த நாய் டாக்டரம்மா பைலட்டைப் பார்த்தாள். காலில் ஒன்றும் இல்லை, நெஞ்சிலும் ஒன்றும் இல்லை என்றாள். ஆனால் அவன் எழுந்து நிற்கமாட்டேன் என்றான். ஜோயல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவனை எங்கள் சாவடியில் இறக்கிவிட்டான். இறக்கிய நாய் பந்தயத்தில் இல்லை. விமானம் வந்து அழைத்துப் போகும்வரை ஊர்ப் பொறுப்பு.

ஜோயல் மற்ற பத்தையும் ஓய்வெடுக்க விட்டு, மூன்று மணிக்குக் கிளம்பிப் போனான். கடைசி நாய் ஆற்றில் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு நான் லவீனா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, பைலட்டை இறக்கிட்டான். இனிமே தொடலாம். வா!"

கையுறைகூடப் போடாமல் வந்தாள். கோட்டுக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய காய்ந்த மீன், ஒரே ஒரு மீன். அதை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

ஹாலுக்குப் பின்னால் வைக்கோலில் பைலட்டைக் கட்டியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்தான். வாலை ஆட்டினான், அவள் முகத்தை நக்கினான், அந்த விரல் நுனி போன கையை வாயில் மென்மையாகக் கவ்வினான். அவள் மண்டியிட்டு அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் திரும்பிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் இருக்கும், ஐந்து நிமிஷம் இருக்குமா? சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. பைலட் அவள் கைக்குள்ளிருந்து நழுவி, சங்கிலி போகிற தூரம் போய், கூட்டம் இறங்கிப்போன ஆற்றுப் பாதையைப் பார்த்து நின்றான். மீனை அவன் காலடியில் வைத்தாள். முகர்ந்தான், தின்னவில்லை. கழுத்தை நீட்டி ஊளையிட ஆரம்பித்தான்.

காற்று கிளம்பி விமானம் இரண்டு நாள் வரவில்லை. பெர்ஸி அவனை அவள் வீட்டுக்கே கூட்டிப்போகச் சொன்னார். போனாள். அடுப்பருகே போர்வை விரித்தாள். அவன் கதவருகேதான் படுத்தான், இந்தத் தடவை உள்பக்கம். வெளியே போகணும் என்று பிறாண்டினான். வெளியே விட்டால் ஆற்றைப் பார்த்து ஊளையிட்டான்.

மறுநாள் மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவள் தரையில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"குளிர்காலம் முழுக்க நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா? அதுங்க அங்க என்னைத் தேடித் தேடி ஏங்கிக்கிட்டிருக்கும்னு. அப்படி நினைச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்."

"தேடித்தானே அக்கா வாசலுக்கு வந்துச்சு?"

"ஓடி முடிச்சா இந்த வாசல்ல மீன் கிடைக்கும். அதுக்கு வந்துச்சு." அவன் காதைத் தடவினாள். "இவனுக்கு வீடுன்னா அந்தப் பத்துதான்டி. நான் இல்ல."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கஞ்சியை அடுப்பில் வைத்தேன்.

அன்று ஜோயல் அடுத்த சாவடியிலிருந்து பேசினான். நல்ல பையன். "லவீனா, நான் யோசிச்சுட்டேன். பைலட்டை நீங்களே வச்சுக்கோங்க. ஒரு நாய்க்குத் தீவனம் நான் அனுப்பறேன்."

அவள் கதவருகே படுத்திருந்த பைலட்டைப் பார்த்தாள்.

"வேணாம் ஜோயல். பிரிக்கக்கூடாதுன்னு நான்தானே சொன்னேன்."

மூன்றாம் நாள் வானம் தெளிந்தது. அவளே பைலட்டை விமானத்தில் ஏற்றினாள். அவன் ஏறத் தயங்கவே இல்லை. இயந்திரச் சத்தம் கேட்டதும் வாலைக்கூட ஆட்டினான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததற்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஜோயல் இருபத்து மூன்றாவதாக வந்தான். அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் பத்துக்குள் வந்திருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜூனில் மண் இளகியதும் லவீனா நாய் வீடுகளைப் பிரித்து விறகாக்கினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு அவள் சூப் பிடிக்கும். அதிகம் பேசமாட்டாள், ஆனால் யார் தட்டில் என்ன மிச்சம் என்று கவனிப்பாள்.

அடுத்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அவள் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. பைலட் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டான் என்றான் ஜோயல். அவன் கிட்டே போவதற்குள் முடிந்துவிட்டதாம். ஒன்பது வயது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "மத்ததுங்க பாத்துச்சா?" என்றாள்.

"எல்லாம் பக்கத்துலதான் நின்னுச்சு. நான் தூக்கி வண்டியில வைக்கிற வரைக்கும் ஒண்ணும் சத்தம் போடல."

"சரி. இப்ப முன்னால யாரு?"

"பட்டர்."

"அவ களைச்சா இடதுபக்கம் சாய்வா. பாத்துக்கோ," என்றாள்.

போனை வைத்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அது கொதித்துக் கொதித்து வற்றும்வரை நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.