கதவடியில் ஈரத் துண்டு

லண்டனில், குட்மேய்ஸ் பகுதியில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, பேசும்போதும் வாசலையே பார்க்கும் கண்கள். கருவாடு பொரிக்கும் முன் ஒரு துண்டை நனைத்து, சமையலறைக் கதவின் அடியில் இடைவெளி இல்லாமல் செருகிவிடுவார்.

ஒரு ஞாயிறு மதியம் காரணம் கேட்டேன்.

“பாரிஸில இந்தப் பயம் இருக்கேல்லை தம்பி. படி ஏறேக்கயே எந்த வீட்டில என்ன சமையல் எண்டு சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரன்ர சீஸ் என்ர கருவாட்டை விட நாறும். ஜெனீவாவிலயும் அதே பிரெஞ்சு, அதே சீஸ். ஆனா கருவாடு பொரிச்சதுக்கு வீட்டுச் சொந்தக்காரரிட்ட இருந்து கடிதம் வந்தது. மூண்டாவது கடிதத்தோட வீட்டை விடச் சொல்லிப்போட்டினம்.”

“இது லண்டன்ணே. இங்க யாரு கேக்கப் போறா?”

அப்போது யாரோ வாசற்கதவைத் தட்டினார்கள். அவர் சட்டென்று அடுப்பை அணைத்தார். முகம் வெளிறிவிட்டது.

“போகாதேங்கோ,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடியும் தட்டினார்கள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெகுநேரம் கழித்துத் திறந்தபோது வாசலில் ஒரு பார்சல் மட்டும் கிடந்தது.

அவர் வீடு மாறிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. நேற்று ரசம் தாளிக்க எண்ணெய் வைத்தேன். அது காய்வதற்குள், குழாயடியில் நின்று துண்டை நனைத்துக்கொண்டிருந்தேன்.