கெட்டிமேளத்துக்குள் ஒரு கேள்வி

அந்தக் கச்சேரிக்குப் போகவேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் அழவில்லை. என் கணவரோடு வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி, தன்னால் போக முடியாது என்று இரண்டு டிக்கெட்டுகளை அவர் கையில் திணித்துவிட்டாள். தொண்ணூறுகளின் தொடக்கம், மெல்பேர்னில் நடுக்குளிர்காலம். அடுத்த திங்கட்கிழமை அவருக்கு இருதய ஆப்பரேஷன். வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கப் பயந்துதான், சின்ன மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

நகரத்தின் நடுவில் பழைய கருங்கல் தேவாலயம். ஐரோப்பாவில் எழுநூறு, எண்ணூறு வருடங்களுக்கு முன் வாசித்த இசையாம். அந்தக் காலத்து வாத்தியங்களைப் பார்த்துச் செய்த வாத்தியங்களாம். ஹீட்டர் பேருக்குத்தான் எரிந்தது. குளிருக்குத் தந்திகள் நிலைகொள்ளாமல், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நெடுநேரம் முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் இடது பக்கத்தில் இருந்த இவர் காதுக்குள் சொன்னார்: "கலியாண வீட்டில மேளக்காரர் இவ்வளவு நேரம் எடுத்தால் முகூர்த்தம் போயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த கிழவி திரும்பி முறைத்தாள்.

பிறகுதான் தந்தி பூட்டிய ஒரு மரப்பெட்டியை எடுத்தார்கள். ஒரு பெண் அதை மடியில் வைத்து, கைத்தையல் மெஷினைச் சுற்றுவதுபோலக் கைப்பிடியைச் சுற்றினாள். சுருதிப்பெட்டியின் முனகல்தான், ஆனால் தொண்டை கட்டிய முனகல். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. அவள் கையை எடுத்த பிறகும் கூரைக்குள் எங்கேயோ யாரோ சுற்றிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில், சுவரிலிருந்த கல் முகங்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு எங்களைப் பார்த்தன. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. திங்கட்கிழமையை நினைக்கக்கூடாது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் பக்கம் சாய்ந்தார். "இஞ்சேரும், எனக்கு ஏதும் நடந்தால்..."

சரியாக அப்போது பின்வாசலில் மேளமும் குழலும் வெடித்தன. நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரியான குழல்களை ஊதிக்கொண்டு, பெரிய மேளமொன்றை அடித்துக்கொண்டு கச்சேரிக்காரர் நாலு பேர் நடுவழியால் நடந்து வந்தார்கள். கெட்டிமேளமேதான்! தாலி கட்டுகிற நேரம் தும்மலோ அழுகையோ கூடாத சொல்லோ காதில் விழக்கூடாது என்று அடிக்கச் சொல்லுவோமே, அதே அடி. மணமக்கள் தலையில் அறுகரிசி போடுவதற்கு என் கை தன்பாட்டில் எழுந்துவிட்டது.

அவருடைய உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன. ஏதோ நீளமான பேச்சு. கடைசியில், கேள்வி கேட்டுவிட்ட முகத்தோடு என்னைப் பார்த்தார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. கூடாத சொல்லை மேளம் மூடியது நல்லதுதான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். தலையை நன்றாக ஆட்டி "ஓம்" என்றேன். மாதக்கணக்காகக் காணாத நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். "அப்ப என்ன கேட்டனீங்கள்?"

"நீர்தான் ஓம் எண்டிட்டீரே. இனி அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லி அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அவருடைய சாம்பலை ஊருக்குக் கொண்டுபோகாமல் இங்கே கடலில் கரைத்தேன். வீட்டை விற்றேன். இன்னொரு கலியாணத்தைப் பற்றிப் பேச வந்தவர்களை நன்றாக ஏசி அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் பயந்தேன். எதற்கு வாக்குக் கொடுத்தேன்? காப்பாற்றுகிறேனா, உடைக்கிறேனா? சில நாட்களில் கோபம்தான் வரும். அந்த மேளத்துக்குள்ளா கேட்கிறது, மனுஷன்!

பல வருடங்களுக்குப் பிறகு, இதே மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் ஒரு மண்டபத்தில் எங்கள் மகளின் கலியாணம். கைம்பெண் என்று என்னைப் பின்வரிசையில் ஒருவரும் இருத்தவில்லை, நானாகத்தான் போய் இருந்தேன். இடது பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் எழுந்தது.

இடது கன்னத்தில் சூடாக மூச்சுப் பட்டது. பிறகு ஒரு பேச்சு. அதே நீளம், அதே இழுவை, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அறுகரிசி கைக்குள் ஈரமாகிவிட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. இந்த முறை தலையை ஆட்டக்கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, எனக்குக் கேக்கேல்லை," என்று கத்தினேன். "அண்டைக்கும் கேக்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ!"

மேளம் நின்றிருந்தது. முன்வரிசைகளில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.